முன்கால் எலும்பில் ஒரு ரூபாய் அளவு வலி

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலை. ஆறாவது சுற்று முடித்துவிட்டு மதுரைத் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து, இடது முன்கால் எலும்பை மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, பாதி தூரம் வரை ஒன்றுமில்லை. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்பக்க ஓரத்தில், ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் மறையும் அளவு ஓர் இடம். அங்கே விரல் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு விரற்கடை தள்ளி அழுத்தினால் வலி இல்லை, திரும்ப அதே இடத்துக்கு வந்தால் உயிர் போனது. அப்போதே ஓட்டத்தை நிறுத்தியிருந்தால் ஆறேழு வாரத்தில் முடிந்திருக்கும் விஷயம் இது. எனக்குப் பத்து மாதம் ஆனது, 46,900 ரூபாய் போனது. அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது அருகில் ஓர் ஆள் இருந்து இதையெல்லாம் சொல்லியிருக்கக்கூடாதா என்று பல ராத்திரி நினைத்து அழுதிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஈவண்ட் 5000 மீட்டர், ட்ராக்கில் பன்னிரண்டரை லேப். வீடு அனுப்பானடியில். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். பி.காம். முடித்த பிறகு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, சம்பளம் 11,500. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கிமங்கலத்திலிருந்து போன ரேவதி வீரமணி 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடியதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தவர், பாட்டி வளர்த்த பிள்ளை. அன்றிலிருந்து அப்பா என்னை ஓடாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மாநில அளவில் ஒரு மெடல் எடுத்துவிட்டால் வழி திறக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். என் டைமிங் அப்போது 19 நிமிடம் 40 நொடி. 18:30-க்குள் வந்தாக வேண்டும் என்று போன வருஷப் புரட்டாசியில் முடிவு செய்தேன்.

கல்லூரியில் இருந்தவரை கோச் இருந்தார். வெளியே வந்தபின் எனக்கு நான்தான் கோச். கிரவுண்டில் ஒரு சீனியர் அக்கா, "எடை குறைச்சாத்தான் டைமிங் குறையும். ஒரு கிலோ போனா பாரு, கால் தானா பறக்கும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருக்கும் முன்னால் ஒருவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். நான் சோற்றை நிறுத்தினேன். காலை நாலே முக்காலுக்கு ஒரு கடுங்காப்பி, ஓடிவிட்டு வந்து இரண்டு இட்லி, கடையில் மதியம் ஒரு சின்ன டப்பா தயிர்சாதம், ராத்திரி ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். 52 கிலோவிலிருந்து மார்கழிக்குள் 46 ஆனேன். அதே சமயம், வாரம் 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் ஐந்தே வாரத்தில் 62-க்குப் போனேன்.

இதில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் இரண்டு மாதம் டைமிங் நிஜமாகவே குறைந்தது. கார்த்திகையில் 19:02 ஓடினேன். உடம்பு லேசாக இருந்தது, எல்லோரும் "ஒல்லியாயிட்டியே, சூப்பர்" என்றார்கள். பட்டினி வேலை செய்கிறது என்று நம்பிவிட்டேன். உடம்பு தன் சேமிப்பை எடுத்துச் செலவு செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. நல்ல டைமிங் வருகிறது என்பதை மட்டும் வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கெட்டது, காரணமில்லாமல் அம்மா மேல் எரிந்து விழுந்தேன், தலைமுடி கொத்தாக வந்தது, சின்னச் சளிகூட இரண்டு வாரம் விடவில்லை. இவை எல்லாம் ஸ்டாப்வாட்ச் காட்டாத கணக்குகள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஐப்பசியிலிருந்து எனக்குப் பீரியட்ஸ் வரவில்லை. கவலைப்பட்டேனா என்றால் இல்லை, நிம்மதியாக இருந்தது. விடிகாலையில் ஓடப்போகிற இடத்தில் பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை கிடைப்பதே கஷ்டம். லாங் ரன் அன்றைக்குத் தேதி வந்தால் என்ன பாடு என்று ஓடுகிற பெண்களுக்குத் தெரியும். "கடுமையா ஒர்க்கவுட் பண்ணினா நின்னுடும், அத்லெட்டுக்கு அது சகஜம்" என்று கிரவுண்டில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அம்மா அலமாரியில் நாப்கின் பாக்கெட் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட மறைக்காம சொல்லு" என்று ஆரம்பித்தார். அவர் எதை நினைத்துப் பயந்தார் என்று புரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் பேசவில்லை. அம்மாவும் நானும் அன்று ஒரு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். மூன்று மாதம் வராமல் இருந்தால், ஓடுகிறவளோ ஓடாதவளோ, காரணம் பார்த்தே ஆக வேண்டும். சகஜம் என்று சொல்லும் வாயைக் கேட்காதீர்கள்.

சரி, வலிக்கு வருகிறேன். முதலில் ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் வலித்தது, வார்ம் அப் ஆனதும் போய்விட்டது. எல்லோரும் "ஷின் பெயின்தான், ஐஸ் வை" என்றார்கள். பத்து நாளில் ஓடும்போது கூடவே வந்தது. அப்புறம் கடையில் நிற்கும்போது, கடைசியில் ராத்திரி படுத்திருக்கும்போதும். சாதாரண ஷின் பெயினுக்கும் எலும்பில் விழும் மயிரிழை விரிசலுக்கும், அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சருக்கும், வித்தியாசம் இங்கேதான். ஷின் பெயின் எலும்போரமாக ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்காவது பரவியிருக்கும், விரலால் தடவிக்கொண்டே போனால் எங்கும் கொஞ்சம் கொஞ்சம் வலிக்கும். விரிசல் ஒரே புள்ளியில் குத்தும். அந்தக் காலை மட்டும் ஊன்றி ஒற்றைக்காலில் குதித்தால் சுருக்கென்று பிடிக்கும். ஓய்வில் இருக்கும்போதும், ராத்திரியிலும் வலிக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். வீட்டிலேயே குதித்துக் குதித்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒரு தடவை வலித்தால் போதும்.

நான் என்ன செய்தேன்? ஷூதான் காரணம் என்று 5,500 ரூபாய்க்குப் புது ஷூ வாங்கினேன். பொங்கலுக்குச் சோழவந்தான் போனபோது அப்பத்தா, "நரம்பு பிசகியிருக்கும் தாயி, நீவிவிட்டாச் சரியாப்போகும்" என்று ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் எண்ணெய் போட்டு அந்த இடத்திலேயே பலமாக நீவினார். மூன்று தடவை, 1,200 ரூபாய். மூன்றாவது முறை நான் கத்திய கத்தலில் அப்பத்தாவே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தசைப்பிடிப்புக்கு நீவுவது வேறு. எலும்பின் மேலேயே வலிக்கிறது என்றால் அங்கே நீவ விடாதீர்கள், விரிசல் பெரிதாகலாம்.

தெப்பத்தேர் முடிந்த வாரம் ஓர் ஓபன் மீட். முந்தின நாள் ஊசி போட்டுக்கொண்டேன், காலையில் இரண்டு வலி மாத்திரை. வெறும் வயிற்றில் அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், வெயிலில் வியர்த்து ஓடும்போது சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எட்டு லேப் வரை மூன்றாவது இடத்தில் இருந்தேன். ஒன்பதாவது லேப்பின் வளைவில் காலுக்குள் ஏதோ 'சடக்'கென்றது. வலியைவிட முதலில் வந்தது பயம். புல்லில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். மூன்றாவது இடம் 19:11-க்குக் கிடைத்தது. கார்த்திகையிலேயே நான் அதைவிட வேகமாக ஓடியிருந்தேன்.

அன்று மாலை ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லா இருக்கு, தசைதான், பத்து நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். எனக்கு அது போதும், சந்தோஷமாக வந்துவிட்டேன். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கி அந்த இடத்தில் புது எலும்பு படரும்போதுதான் படத்தில் தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் அதே புள்ளியில் வலி இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். அந்த டாக்டர் மேல் மட்டும்தான் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடந்த இரண்டு மாதத்தில் வாரவாரம் எவ்வளவு ஓடினீர்கள், வலி எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எடை எவ்வளவு குறைந்தது, பெண்ணாக இருந்தால் கடைசியாகத் தேதி வந்தது எப்போது. அந்த ஒரு தாள் எனக்கு ஏழு வாரத்தை மிச்சம் செய்திருக்கும்.

பத்து நாள் கழித்து மறுபடி ஓடினேன், வலித்தது, நிறுத்தினேன், மறுபடி ஓடினேன். பங்குனியில் கடை மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே கஸ்டமர் கூட்டம், மேலே சூப்பர்வைசர். என்னைத் தூக்கிப்போய் உட்கார வைத்தார்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்து ஒரு தனியார் மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், 6,500. பெரியாஸ்பத்திரியில் எழுதிவாங்கி எடுத்திருந்தால் பாதிக்கும் குறைவாக முடிந்திருக்கும் என்று அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போனபோதுதான் தெரிந்தது. மூன்று மணி நேரம் வரிசை. ஆனால் எனக்கு விடிவு கிடைத்தது அங்கேதான். ஒரு பெண் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரிசல் கோடு விழுந்துவிட்டது என்று காட்டினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா வந்துச்சு?" என்றார். கால் காட்ட வந்த இடத்தில் இந்தக் கேள்வி. விரல்விட்டு எண்ணினேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதம்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ஓடுவதற்குச் செலவாகும் சக்தி போக மீதி இருப்பதில்தான் உடம்பு மற்ற எல்லா வேலையையும் பார்க்க வேண்டும். மீதி போதவில்லை என்றால் மூளை ஒவ்வொரு வேலையாகக் குறைக்கும், மாதவிடாய் நிற்பது அதில் ஒன்று. மாதவிடாயை நடத்தும் ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பையும் காக்கிறது. அது குறைந்தால் எலும்பு மெலியும். இதற்குமேல் நான் ஓட்டத்தைத் திடீரென்று இரண்டு மடங்காக்கியிருக்கிறேன். எலும்பு சுமைக்கேற்ப தன்னைத் திருத்திக்கொள்ளும்போது முதலில் பழையதை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அதனால் சுமை கூடிய மூன்று நான்கு வாரத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். எனக்கு வலி ஆரம்பித்ததும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான். இந்தச் சக்திப் பற்றாக்குறைக்கு 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மருத்துவ நிபுணர்கள் 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆண்களுக்கும் வரும். அவர்களுக்கு மாதாமாதம் எச்சரிக்க ஓர் அடையாளம் இல்லாததால் கண்டுபிடிப்பதுதான் தாமதமாகும்.

கர்ப்பப் பரிசோதனையும் எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பீரியட்ஸ் நின்றால் எந்தப் பெண்ணுக்கும் முதலில் பார்ப்பது அதைத்தான், பிறகு தைராய்டு, இரத்த அளவு, வைட்டமின் டி என்று நிதானமாகச் சொன்னார். உங்களுக்கும் எழுதினால் அவமானம் என்று எண்ணி எழுந்து வந்துவிடாதீர்கள். வைட்டமின் டி எனக்கு 14 இருந்தது, 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. மதுரை வெயிலில் இருந்துகொண்டு இது எப்படி என்று கேட்டேன். விடியுமுன் ஓடிவிட்டு, ஒன்பதரைக்குக் கடைக்குள் போய் ராத்திரி ஒன்பதுக்கு வெளியே வருகிறவளுக்கு வெயில் எங்கே? மாத்திரை போட்டுப் பீரியட்ஸை வரவைத்துவிடலாமா என்று அம்மா கேட்டார். இரத்தம் வருவதால் மட்டும் எலும்பு தேறாது, சாப்பாடு கூடினால்தான் தேறும் என்றார் டாக்டர்.

ஆறு வாரம் காலை அசையாமல் பிடித்துவைக்கும் வாக்கர் பூட், முதல் மூன்று வாரம் ஊன்றுகோல். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய விடியலில் தெருவே காலியாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. ஜன்னலோரம் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு தூரத்து வேட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் உடம்பைவிட மனசு பட்ட பாடு அதிகம். நான் ஓடுகிறவள் இல்லை என்றால் வேறு யார் என்றே எனக்குத் தெரியவில்லை. கிரவுண்டு நண்பர்களின் குரூப்பை மியூட் செய்தேன், அது தப்பு. அவர்களில் ஒருத்தி மட்டும் வாராவாரம் வந்து உட்கார்ந்து பேசினாள். அவள் வந்த நாட்களில்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஓடப்போகுமுன் இரண்டு வாழைப்பழம், ஓடி வந்த அரை மணிக்குள் கேழ்வரகுக் கூழும் முட்டையும், மதியம் வயிறு நிறையச் சோறு, வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, சாயங்காலம் கடையில் எள்ளுருண்டை, ஞாயிற்றுக்கிழமை நெத்திலி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பவுடர் டப்பா வாங்கப் போன அப்பாவை நான்தான் தடுத்தேன். சோற்றைப் பார்த்துப் பயந்த பயம் போக இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு கவளமும் டைமிங்கைக் கூட்டிவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இப்படி உள்ளவர்கள் தனியாகப் போராடாதீர்கள், வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பூட் கழற்றியபோது இடது கெண்டைக்கால் வலதைவிட இரண்டு சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. பிசியோவிடம் பன்னிரண்டு முறை போனேன், தடவைக்கு 350. அவர் கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிகவும் உதவியது வாசற்படி ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது. முதல் நாள் நான்கு முறைதான் முடிந்தது. தொடர்ந்து 25 வந்த பிறகுதான் ஓட விட்டார். கெண்டைத் தசை வலுவாக இருந்தால் தரையின் அடியை அது வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் எலும்பு வாங்கும். ஓட முடியாத வாரங்களில் நீச்சல் குளத்தில் ஆழமான பகுதியில், இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, தரை தொடாமல் ஓடினேன். முதலில் வெட்கமாக இருந்தது, ஆனால் மூச்சு விட்டுப்போகாமல் காத்தது அதுதான்.

மறுபடி ஓடிய முதல் நாள் பள்ளிக்கூட மைதானத்து மண்ணில் ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. மறுநாள் ஓட்டம் கிடையாது. காலை எழுந்ததும் அந்த ஒரு ரூபாய் இடத்தை அழுத்திப் பார்ப்பேன். வலித்தால் முந்தின வாரத்துக் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது பிசியோ போட்ட கட்டளை. இரண்டு முறை திரும்பினேன். தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் சுமார் 1.2 கிலோமீட்டர். முன்பு பத்துச் சுற்றும் ஒரே திசையில், கட்டாந்தரையில்தான் ஓடுவேன். இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் அங்கே, அதுவும் பாதியில் திசை மாற்றிக்கொள்கிறேன். காலடியைக் கொஞ்சம் குறுக்கி, நிமிடத்துக்கு அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னார். 160-ல் இருந்தவள் 170-க்கு வந்திருக்கிறேன். காலில் விழும் அதிர்ச்சி குறைந்தது எனக்கே தெரிகிறது. கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கினேன். பதினோரு மணி நேரம் நிற்பதும் காலுக்கு வேலைதான் என்று முன்பு நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

செலவைக் கேட்பீர்கள் என்பதால் எழுதிவிடுகிறேன். நீவியது 1,200, ஊசி மாத்திரை 900, முதல் கிளினிக்கும் எக்ஸ்ரேயும் 1,100, ஷூ 5,500, எம்.ஆர்.ஐ. 6,500, பூட் 2,600, இரத்தப் பரிசோதனை 1,900, பிசியோ 4,200, இரண்டு மாதச் சம்பளம் 23,000. இதில் முதல் நான்கும் முழுக்க வீண். அம்மாவின் தோட்டைப் போன மாதம்தான் மீட்டோம்.

ஆடி பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்பு, ஒன்பது மாதம் கழித்து எனக்குத் தேதி வந்தது. எடை அப்போது 51. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, சமையற்கட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் அந்த நாளைச் சிவப்புப் பேனாவால் அவரே வட்டம் போட்டார். இப்போது அதே காலண்டரில் நீலத்தில் என் கிலோமீட்டர், சிவப்பில் அது. வாரம் 38 வரை வந்திருக்கிறேன், மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் 5000 ஓடிப் பார்த்தேன், 19:33. முடித்ததும் புல்லில் உட்கார்ந்து முதலில் அந்த இடத்தைத்தான் அழுத்தினேன். வலி இல்லை. பையில் இருந்த எள்ளுருண்டையை எடுத்துத் தின்றேன்.